கட்டியக்காரன் இல்லாத கூத்து

அலமாரிக்குள் ஒளிந்த ஒருவனின் கதையை 33 பாகங்களாகப் பாடி எடுத்தார் ஓர் அமெரிக்கப் பாடகர். அழவேண்டிய இடத்தில் உலகம் சிரித்தது. ஏன் சிரித்தது என்பதற்கு ஆரணித் தறி வீடு ஒன்றில் ஒரு விடை கிடைத்தது.

அன்னத்துக்குக் கண் இல்லை.

அரக்கு நிறப் பட்டின் சரிகைக் கரையில் வரிசையாக நடந்துபோகும் அன்னங்களில் ஒன்றுக்குக்கூட இல்லை. நெய்த வரைக்கும் எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 41. “மொத அன்னத்துலயே பார்த்திருக்கணும் மாப்ள. கண்ணு தவறிப்போச்சு” என்றார் மாமா. அன்னத்தின் கண்ணா, தன்னுடைய கண்ணா என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

தவறு நடந்தது தறிக்கு மேலே தொங்கும் ஜக்காட் பெட்டியில். கரையில் பூ வர வேண்டுமா, மாங்காய் வர வேண்டுமா, அன்னம் வர வேண்டுமா, எதுவானாலும் அது முதலில் அட்டையில் ஓட்டைகளாக விழ வேண்டும். ஓட்டை இருக்கும் இடத்தில் ஊசி நுழையும், கொக்கி இழையைத் தூக்கும். இல்லாத இடத்தில் தூக்காது. அட்டைகளைக் கயிற்றில் கோத்து மாலைபோலச் சுற்றவிட்டால், ஒரு சுற்று முடிந்ததும் முதல் அட்டை திரும்ப வரும். கூடவே அன்னமும் திரும்ப வரும். பிரான்சின் லியோன் நகரத்துப் பட்டு நெசவுக்காக ஜோசப் மரி ஜக்கார் 1804-இல் செய்துகொடுத்த ஏற்பாடு இது. இன்றைக்கு ஆரணி, சேவூர், தேவிகாபுரம் என்று இந்த வட்டாரத்து ஊர்களில் பட்டுத் தறிகளின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. அந்த மாலையில் ஒரே ஓர் அட்டையில், ஒரே ஓர் ஓட்டை விடுபட்டிருக்கிறது. அவ்வளவுதான், வம்சமே குருடாகிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், ஓர் அன்னத்தை மட்டும் பார்த்தால் அது பிழையாகத் தெரிகிறது. 41 அன்னங்களைச் சேர்த்துப் பார்த்தால் யாரோ யோசித்துப் போட்ட டிசைன்போல இருக்கிறது.

அட்டை அடிப்பவர் வேறொரு வீட்டு வேலையில் இருந்தார். வருவதற்குச் சாயங்காலம் ஆகும் என்று தகவல் வந்தது. தறி நின்றுபோனால் நெசவாளியின் கைகால்களுக்கு என்ன செய்வதென்று தெரியாது. தெருவில் மற்ற வீடுகளின் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, மாமா மூன்றாவது டீயைக் குடித்துவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பொழுதைப் போக்கத்தான் கைப்பேசியை எடுத்தேன்.

“அமெரிக்காவுல ஒருத்தர் ஒரு சீரியல் முழுக்கப் பாட்டாவே எடுத்திருக்காரு மாமா. பாக்கறீங்களா?”

“பாட்டாவேன்னா? கூத்து மாதிரியா?”

அந்தக் கேள்வியின் கனம் அப்போது எனக்குப் புரியவில்லை.

அலமாரிக்குள் ஓர் ஆள்

ஆர். கெல்லி சாதாரணப் பாடகர் அல்ல. 1996-இல் ‘ஸ்பேஸ் ஜாம்’ படத்துக்காக அவர் எழுதிப் பாடிய ‘ஐ பிலீவ் ஐ கேன் ஃப்ளை’ பாட்டு கிராமி விருதுகள் வாங்கிக்கொடுத்தது. பள்ளி ஆண்டு விழாவிலிருந்து தேவாலயம் வரை அந்தப் பாட்டைப் பாடாத இடம் இல்லை. அப்படிப்பட்டவர் 2005 ஜூலையில் வெளியிட்ட இசைத்தொகுப்பின் கடைசியில் ஒரு தொடர்கதையைப் பாட்டாக வைத்தார். பெயர் ‘ட்ராப்ட் இன் தி க்ளோசெட்’. அலமாரிக்குள் அகப்பட்டவன் என்று சொல்லலாம். முதலில் 5 பாகங்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் 12. 2007-இல் 22. 2012 நவம்பரில் 33. ஒவ்வொன்றும் சில நிமிட வீடியோ. எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே மெட்டு, ஒரே தாளம். ஆண் குரல், பெண் குரல், போலீஸ்காரர் குரல், பாதிரியார் குரல் எல்லாமே கெல்லியின் தொண்டையிலிருந்து வரும். நடிகர்கள் வாயை மட்டும் அசைப்பார்கள்.

கதை? சில்வெஸ்டர் என்பவன் காலையில் கண் விழிக்கிறான். அது அவன் படுக்கை இல்லை. அந்த வீட்டுப் பெண்ணின் கணவன் மாடிப்படி ஏறி வருகிறான். குதிக்கலாம் என்றால் ஐந்தாவது மாடி. அலமாரிக்குள் நுழைந்துகொள்கிறான். எல்லாம் சரியாகப் போகும் நேரத்தில் அவனுடைய செல்போன் அடிக்கிறது. கணவன் குளியலறையில் தேடுகிறான், கட்டிலுக்கடியில் தேடுகிறான், அலமாரியை நோக்கி வருகிறான். உள்ளே இருப்பவன் துப்பாக்கியை உருவுகிறான். தொடரும்.

அத்தை பக்கத்து அறையில் தார் சுற்றிக்கொண்டிருந்ததால் கதையைச் சற்று மழுப்பித்தான் மொழிபெயர்த்தேன். மாமா கண்ணை எடுக்கவில்லை.

கணவன் ஒரு பாதிரியார். அவனுக்கும் ஒரு ரகசியம் உண்டு, அந்த ரகசியம் ஓர் ஆண். சில்வெஸ்டர் தன் வீட்டுக்குப் போன் போட்டால் எடுப்பது வேறொரு ஆண் குரல். பதறிப்போய்க் காரை விரட்டினால் வழியில் ஒரு போலீஸ்காரர் நிறுத்துகிறார். சில்வெஸ்டரின் மனைவியோடு தொடர்பில் இருப்பது அந்தப் போலீஸ்காரரேதான். அவர் தம் வீட்டுக்குப் போனால் சமையலறையில் பாதி தின்ற செர்ரிப் பணியாரம் இருக்கிறது. மனைவிக்கோ செர்ரி ஒத்துக்கொள்ளாது. அப்படியானால் தின்றது யார்? அலமாரி அலமாரியாகத் திறந்து தேடுகிறார். கடைசியில் சமையல் மேடைக்கடியில் குறுகிய உருவமுள்ள ஒருவர் ஒளிந்திருக்கிறார். அவர் பயந்துபோய் உடுத்திய உடையிலேயே அசுத்தம் செய்துவிட்டு மயங்கி விழுகிறார். அந்த வீட்டுப் பெண்ணின் வயிற்றில் வளரும் பிள்ளைக்குத் தகப்பனும் அவர்தான். நடுவில் இரண்டு பேர் துப்பாக்கியோடு நிற்கும் வீட்டுக்குள், வம்பு கேட்கும் பக்கத்து வீட்டு அம்மாள் கையில் தோசைத் திருப்பி போன்ற ஒன்றை ஓங்கிக்கொண்டு பாய்ந்து வருகிறார்.

இவ்வளவையும் கெல்லி உயிரைக் கொடுத்துப் பாடுகிறார். கண்ணை மூடிக் கேட்டால் ஏதோ பெரும் துக்கம் என்றுதான் தோன்றும். கண்ணைத் திறந்தால் பணியாரம்.

“இன்னா மாப்ள இது, மூச்சு வுட்டாக்கூடப் பாட்டா?” என்றார் மாமா. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர். துண்டால் துடைத்துக்கொண்டு, “சரி, அடுத்தத போடு” என்றார்.

2005-இல் அமெரிக்கர்கள் செய்ததும் அதைத்தான். சிரித்தார்கள், அடுத்ததைக் கேட்டார்கள். திரையரங்குகளில் கூடி, வீடியோவோடு சேர்ந்து கோரஸாகப் பாடினார்கள். 2006-இல் ‘வியர்ட் அல்’ யாங்கோவிக் என்ற நையாண்டிப் பாடகர் இதே மெட்டில் ஒரு பாட்டுப் போட்டார். கணவனும் மனைவியும் காரில் போய்ச் சாப்பாடு வாங்கிவருகிறார்கள். கிட்டத்தட்ட 11 நிமிடம் அவ்வளவுதான் நடக்கிறது. பொதுவாக நையாண்டி செய்பவர்கள் மூலத்தைப் பெரிதாக்கிக் காட்டுவார்கள். இங்கே மூலத்தைவிடப் பெரிதாக்க எதுவுமில்லாததால் அவர் சிறிதாக்கினார். மெட்டுக்கோ எந்த வித்தியாசமும் தெரியவில்லை. துரோகத்துக்கு உருகிய அதே உருக்கம், சாப்பாட்டுப் பொட்டலத்துக்கும் உருகியது.

கட்டியக்காரன் எப்ப வருவான்?

நான்காவது பாகம் ஓடும்போது மாமா நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார்: “இதுல கட்டியக்காரன் எப்ப வருவான்?”

ஆரணி, செய்யாறு, வந்தவாசி வட்டாரத்தில் வளர்ந்த யாரும் கேட்கக்கூடிய கேள்விதான். திரௌபதி அம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழா என்றால், பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. வில் வளைப்பில் தொடங்கி, சுபத்திரை கல்யாணம், துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, கர்ண மோட்சம் என்று இரவுக்கு ஒன்றாக நகரும். கடைசி நாள் காலையில் மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் தரையில் மல்லாந்து கிடப்பான். படுகளம் முடிந்து மாலையில் தீமிதி. கெல்லியின் 33 பாகங்களைவிடப் பெரிய ஆசை இது. இதிலும் பாட்டுத்தான். ஒரு கதாபாத்திரம் மேடைக்கு வருமுன் இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். பின்னால் நின்று தன்னைப் பற்றித் தானே, யாரோ ஒருவனைப் பற்றிச் சொல்வதுபோல, பாடிக்கொண்டு வரும். முகவீணை கூடவே இழையும். பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடுவார்கள்.

வெளியாள் பார்த்தால் சிரிக்க இதில் என்ன குறை? மீசை மழித்த ஆண், திரௌபதி. அறுபது வயதுக்காரர், அபிமன்யு. கட்டைக் கிரீடம், புஜக்கட்டை, முகமெல்லாம் அரிதாரம். ஆனாலும் ஊரே கண் கொட்டாமல் உட்கார்ந்திருக்கும். துகில் இரவில் துச்சாதனன் வேடம் கட்டியவர் சேலையில் கை வைக்கும் முன் திரௌபதிக்குக் கற்பூரம் காட்டிக் கும்பிடுவார். பெண்கள் கூட்டத்தில் விசும்பல் கேட்கும்.

எப்படி? மாமாவின் கேள்வியில் பதில் இருக்கிறது. கூத்தில் முதலில் மேடைக்கு வருபவன் ராஜா இல்லை, கட்டியக்காரன். அவன்தான் கதை சொல்வான், ராஜாவை வரவேற்பான், காவலாளி ஆவான், தோழன் ஆவான், தேவைப்பட்டால் கிழவியும் ஆவான். ராஜா விருத்தத்தில் முழங்கிவிட்டு நிற்கும்போது, நம் தெருப் பேச்சில் அவன் குறுக்கே கேட்பான். ராஜாவுக்குப் பாட்டு, இவனுக்குப் பேச்சு. அழவேண்டியது பாட்டில் வரும். பால் பாக்கியும் பஸ் நேரமும் பஞ்சாயத்துத் தலைவரும் இவன் பேச்சில் வரும். அற்ப விஷயங்களுக்கெல்லாம் இவன் மடி ஏந்திக்கொள்வதால்தான் பாட்டின் தலையில் அவை ஏறுவதில்லை. கெல்லியிடம் அந்தப் பங்கீடு இல்லை. துப்பாக்கிக்கும் பாட்டு, பணியாரத்துக்கும் பாட்டு, போன் அடித்தாலும் பாட்டு.

சிறுவயதில் ஆரணிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான் பார்த்த துகில் இரவு இன்னும் நினைவிருக்கிறது. சபையில் துரியோதனன் ஆவேசமாகச் சுழன்று ஆடிக்கொண்டிருந்தபோது முடிச்சு நழுவி, கிரீடம் தரையில் விழுந்து உருண்டது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பொடியன்கள் நாங்கள் சிரிக்க வாயெடுத்துவிட்டோம். அதற்குள் கட்டியக்காரன் ஓடிவந்து கிரீடத்தைத் தூக்கி, புழுதியை ஊதி, ராஜாவை ஏற இறங்கப் பார்த்தான். “ராஜா, கிரீடம் விழறது படுகளத்தன்னிக்கு இல்ல? அதுக்குள்ள இன்னா அவசரம்? இன்னும் எத்தினி ராத்திரி கெடக்குது!” என்றான். களமே அதிர்ந்தது. ராஜாவும் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பி நின்றார். கிரீடத்தைக் கட்டி முடித்ததும் மத்தளம் விழுந்தது, பாட்டுத் தொடர்ந்தது. அடுத்த கால்மணி நேரத்தில் நாங்கள் அழுதுகொண்டிருந்தோம்.

அன்று எங்கள் சிரிப்பை அவன் தன் பக்கம் வாங்கிக்கொண்டான். இல்லாவிட்டால் அது துரியோதனன்மேல் விழுந்திருக்கும். அதற்குப் பிறகு விடிய விடிய யாராலும் அந்தக் கூத்தைக் காப்பாற்றியிருக்க முடியாது.

ஆசை பெரிதாக இருப்பதில் குற்றம் இல்லை என்பதற்கும் பக்கத்திலேயே சாட்சி உண்டு. செய்யாற்றுப் பக்கம் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் பரம்பரையினர், பெரிய சிறகுகளோடு வந்து விழுந்த கிழவனைப் பற்றிய கார்சியா மார்க்வெஸின் கதையைத் தெருக்கூத்தாகவே போட்டார்கள். கொலம்பியாவின் கடற்கரைக் கதைக்கு முகவீணை! கேட்கும்போது சிரிப்பு வரலாம். நவீன நாடகக் குழுவான கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமி புரிசையிடம் எதைத் தேடிப் போனார் என்று தெரிந்தவர்களுக்கு வராது. அந்த வடிவத்துக்குள் சிரிப்புக்கென்று ஏற்கெனவே ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறது. அதனால் எவ்வளவு விசித்திரமான கதையும் அதற்குள் போய் உட்காரும்.

கெல்லிக்கும் இது பாதி வழியில் உறைத்திருக்க வேண்டும். கதை சூடு பிடித்த இடத்தில் அலமாரிக்குள்ளிருந்து சுருட்டும் கோட்டுமாக ஒரு கதைசொல்லி வெளியே வருகிறார். மற்றவர்கள் அப்படியே உறைந்து நிற்க, அவர் நம்மைப் பார்த்துப் பாடுகிறார். அவரும் கெல்லிதான். “வந்துட்டான்யா!” என்று மாமா தொடையைத் தட்டினார். ஒரு நிமிடம் கேட்டார். முகம் வாடிவிட்டது. “இவனும் ராஜா கணக்கா இல்ல பேசறான்?”

நகை நான்கு

நம் இலக்கணக்காரர்கள் சிரிப்பைப் பகுத்து வைத்திருக்கிறார்கள். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், நகை பிறக்கும் நிலைகளாக நான்கைச் சொல்கிறது. எள்ளல் ஒன்று, அதாவது கேலி. இளமை ஒன்று, குழந்தையின் மழலைக்குச் சிரிப்பது. பேதைமை என்பது அறியாமை. மடன் என்பது சொன்னதைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பது. கெல்லியின் அலமாரி கடைசி இரண்டில் சேரும். தான் செய்வது வேடிக்கை என்று அறியாமை ஒன்று. பிடித்த மெட்டை 33 பாகம் விடாமல் இருந்தது மற்றொன்று.

மேற்கே மிகையைக் கொண்டாடும் ‘கேம்ப்’ ரசனை பற்றிச் சூசன் சொண்டாக் 1964-இல் எழுதிய குறிப்புகளில் ஏறத்தாழ இதே இடத்துக்குத்தான் வந்தார். தெரியாமல் நேர்வதுதான் இந்த வகை ரசனையில் சுத்தமானது. தெரிந்தே செய்தால் சுவை குறைந்துவிடும் என்பது அவர் கட்சி. கெல்லியின் பிந்தைய பாகங்கள் அதற்கு உதாரணம். ஊர் சிரிக்கிறது என்று தெரிந்த பிறகு அவரும் சிரிக்க வைக்க முயன்றார். முதல் ஐந்து பாகங்களுக்கு வந்த சிரிப்பு அவற்றுக்கு வரவில்லை.

நம்மிடமும் அலமாரிகள் உண்டு. 2007-இல் வெளியான ‘யாருக்கு யாரோ’ படம் தியேட்டரில் வந்துபோனது பலருக்குத் தெரியாது. ஆனால் அதில் சாம் ஆண்டர்சன் ஆடிய பாட்டு யூடியூப் வழியாகத் தமிழர் வாழும் இடமெல்லாம் போய்ச் சேர்ந்தது. முகம் ஓர் உணர்ச்சியில் நிற்க, கைகால்கள் வேறொரு தாளத்தில் போகும். கல்லூரி விடுதிகளில் இதைப் போட்டுப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்த தலைமுறை ஒன்று உண்டு. அதில் நானும் இருந்தேன். இப்போது யோசித்தால் அந்தச் சிரிப்பில் எள்ளலும் நிறையக் கலந்திருந்தது. கதாநாயகன் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நமக்குள் ஓர் அச்சு வைத்திருந்தோம். அந்த அச்சில் வராத ஒருவர் ஆசைப்பட்டுவிட்டார் என்பதற்காகவும் சிரித்தோம்.

எள்ளலுக்கு உரை எழுதும்போது, ‘பேராசிரியர்’ என்று பெயர்பெற்ற பழைய உரையாசிரியர் அதை இரண்டாகப் பிரிக்கிறார். தான் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று. பிறர் தன்னை எள்ளும்போது தானும் சேர்ந்து சிரிப்பது மற்றொன்று. இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு பிழைத்தவர் பவர் ஸ்டார் சீனிவாசன். 2011-இல் ‘லத்திகா’வில் அவர் முழுப் பொறுப்போடு கதாநாயகனாக நின்றார், ஊர் சிரித்தது. 2013 பொங்கலுக்கு ‘கண்ணா லட்டு தின்ன ஆசையா’வில் சந்தானத்தோடு வந்தபோது அதே முகத்தைச் சிரிப்புக்கென்றே ஒப்படைத்தார், தியேட்டர்கள் நிறைந்தன. துரியோதனனாக வந்து விழுந்த கிரீடத்தை, கட்டியக்காரனாகத் திரும்பி வந்து எடுத்துக்கொண்டவர் அவர்.

ஆனால் சிரிப்பு வந்துவிட்டால் மட்டும் எதிரே இருப்பது மட்டம் என்று ஆகிவிடாது. அதை நாமே பட்டுத் தெரிந்துகொண்டோம். 2000-இல் வந்த ‘பெண்ணின் மனதைத் தொட்டு’ படத்தில் பிரபுதேவா ஆடிய ‘கல்லூரி வானில்’ பாட்டுக்கு, 2007-இல் ஓர் அமெரிக்கர் யூடியூபில் விளையாட்டாக எழுத்துப் போட்டார். தமிழ்ச் சொற்கள் ஆங்கிலக் காதில் எப்படி விழுகின்றனவோ அப்படியே அர்த்தமில்லாத ஆங்கில வாக்கியங்களாக. ‘பென்னி லாவா’ என்று அது உலகமெங்கும் ஓடியது. இந்தியாவின் மிகச் சிறந்த நடனக்காரர்களில் ஒருவர் ஆடியது, மொழியும் மரபும் தெரியாதவர்களுக்குக் கோமாளித்தனமாகத் தெரிந்தது. நமக்குள்ளேயே அந்த மரபு மாறிக்கொண்டுதான் இருக்கிறது. 1931-இல் முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ வந்தபோது கதாநாயகி டி.பி. ராஜலக்ஷ்மி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பதில் சொன்னார். கூட்டம் அலைமோதியது. இன்றைக்குப் போட்டால் சிரிப்பைத் தியேட்டர் தாங்காது.

சிரிப்பு என்ற திரை

இன்னும் சில பாகங்கள் பார்த்த பிறகு, “இவன் இப்ப இன்னா பண்றான்?” என்று மாமா கேட்டார்.

“ஜெயில்ல இருக்காரு மாமா.”

அவர் சிரிப்பை நிறுத்தவில்லை. கதையின் அடுத்த திருப்பம் என்று நினைத்துவிட்டார். நான் விளக்க வேண்டியிருந்தது.

கெல்லி சிறுமிகளைப் பாலியல் சுரண்டலுக்கு உள்ளாக்குகிறார் என்ற குற்றச்சாட்டுகளை ‘சிகாகோ சன்-டைம்ஸ்’ நாளிதழ் 2000 டிசம்பரிலேயே வெளியிட்டுவிட்டது. 2002-இல் சிகாகோவில் அவர்மீது வழக்குப் பதிவானது. அது ஆறு ஆண்டுகள் இழுத்து 2008 ஜூனில் விடுதலையில் முடிந்தது. இந்தத் தேதிகளை அலமாரிக் கதையின் தேதிகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் 22 பாகங்களும் அந்த வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்தில்தான் வந்தன. பாதி தின்ற பணியாரத்தை யார் தின்றார் என்று அமெரிக்கா சிரித்துக்கொண்டிருந்த அதே நாட்களில், பாதிக்கப்பட்ட பெண்களைக் கேட்க ஆள் குறைவாக இருந்தது. 2019 ஜனவரியில் ‘சர்வைவிங் ஆர். கெல்லி’ ஆவணத் தொடரில் அந்தப் பெண்கள் வரிசையாக வந்து பேசிய பிறகுதான் காற்று திரும்பியது. 2021 செப்டம்பரில் நியூயார்க்கில் நடுவர் குழு அவரைக் குற்றவாளி என்றது. 2022 ஜூனில் 30 ஆண்டு தண்டனை. 2023 பிப்ரவரியில் சிகாகோவில் நடந்த இன்னொரு வழக்கில் 20 ஆண்டு. பெரும்பகுதியை முதல் தண்டனையோடு சேர்த்தே கழிக்கலாம்.

சிரித்தவர்கள் எல்லோரும் உடந்தை என்று சொல்வது அநியாயம். ஆனால் ஒருவரை ‘காமெடி பீஸ்’ என்று முடிவுகட்டிவிட்டால் அவரால் தீமை செய்ய முடியும் என்பதே நமக்கு மறந்துபோகிறது. கூத்தில் திரை பிடித்தபடி ராஜா நின்றால், சற்று நேரத்தில் திரை விலகி முகம் தெரியும். இங்கே பிடித்திருந்த திரை பார்வையாளர்களின் சிரிப்பு. அதை யாரும் இறக்கவில்லை.

மாமா நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, “கட்டியக்காரன் வேல சிரிக்க வக்கிறது மட்டும்னு நெனச்சியா?” என்றார். “துகில்ல பாரு. ராஜா பண்றது அநியாயம்னு சபையில மொத சொல்றதே அவன்தான். சிரிப்பு காட்டித்தான் சொல்வான். ஆனா சொல்லிடுவான்.”

அந்தத் தொடரில் கட்டியக்காரன் இல்லாதது வெறும் கலைக்குறை என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். சிரிப்பது, சிரிக்க வைப்பது, ராஜாவின் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்வது, இந்த மூன்றையும் ஒரே ஆளிடம் ஒப்படைத்தவர்கள் கூத்துக்காரர்கள். அமெரிக்காவில் முதல் வேலைக்கு மட்டும் லட்சக்கணக்கில் ஆள் இருந்தார்கள். மூன்றாவது வேலையை ஒரு செய்தித்தாளும், கேட்க ஆளில்லாத சில பெண்களும் ஆண்டுக்கணக்கில் தனியாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

42-ஆவது அன்னம்

பொழுது சாயும்போது அட்டை அடிப்பவர் வந்தார். டிசைன் தாளை விரித்து, அட்டை மாலையை இறக்கி, ஒவ்வொன்றாக விரலால் தள்ளிப் பார்த்தார். ஒன்றில் விரல் நின்றது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மற்ற ஓட்டைகளின் வழியே பல்ப் வெளிச்சம் புள்ளி புள்ளியாக அவர் முகத்தில் விழுந்தது. ஓர் இடம் மட்டும் இருட்டாக இருந்தது. அந்த இடத்தில் குத்தூசியை வைத்து ஒரு தட்டு. அவ்வளவுதான் வேலை.

மாமா குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தார். நாடா ஓடத் தொடங்கியது. அத்தையும் தாரை வைத்துவிட்டு வந்து நின்றுகொண்டார். அலகு வந்தது, கழுத்து வந்தது. நாங்கள் நால்வரும் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, 42-ஆவது அன்னத்துக்குக் கண் வந்தது.

“அந்த 41?” என்று கேட்டேன்.

“அவுக்கறதுக்கில்ல. சரிகை வீணாப்பூடும். மொதலாளிகிட்ட சொல்லிடறேன், கூலில பிடிச்சுக்கட்டும்.”

“கட்டறவங்க யாராவது பாத்துட்டுச் சிரிச்சா?”

மாமா மிதியிலிருந்து காலை எடுக்காமல் சொன்னார்: “சிரிக்கட்டும். பாதி வழியில கண்ணத் தொறந்துச்சு, அதையும் பாருன்னு சொல்லு.”